விசாத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

சுனாபட்டியில் எங்கள் படிப்பு மையம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். வேலை முடிந்து, சமையல் முடித்து, அதற்குப் பிறகுதான் எல்லோரும் வர முடியும். ஒரு நாள் இட்லிக்கார அக்கா ஏழரை மணிக்கே வந்துவிட்டார். கையில் நோட்டு இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

"வாத்தியார் தம்பி, இதை வாசிச்சுச் சொல்லு. பையனுக்கு துபாய் விசா வந்திருக்கு. நாளைக்கு மிச்சப் பணத்தைக் கட்டணுமாம்."

மொத்தம் 90,000 ரூபாய் பேச்சு. 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறார். பணம் வாங்குபவர் யார் என்று கேட்டேன். "நம்ம ஊர்க்காரர்தான். அவருக்கு மேலே ஒரு ஏஜெண்டு இருக்காராம்" என்றார்.

தாள் முழுவதும் ஆங்கிலமும் அரபியும். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எண்கள் நன்றாக வரும். அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ரெண்டு வருஷ வேலைன்னு சொன்னாரு. இதுல 60ன்னு போட்டிருக்கே, எதுக்கு?"

நல்ல கேள்வி. ஆனால் 60 என்ற எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உண்மையான வேலை விசாவிலும் 60 என்று இருக்கும். சுற்றிப் பார்க்கப் போகும் விசாவிலும் 60 என்று இருக்கும். எண் ஒன்றுதான். அர்த்தம் வேறு.

வாசல் வேறு, வீடு வேறு

முதலில் ஒரு விஷயம். துபாய் தனி நாடு அல்ல. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாட்டில் ஏழு பகுதிகள் உள்ளன. அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா. நம் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'துபாய்' என்றே சொல்கிறார்கள். விசாச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் ஏழுக்கும் பொதுவான நாட்டுச் சட்டங்கள்.

அந்த நாட்டில் வேலை செய்ய ஒருவருக்கு மூன்று அனுமதிகள் வேண்டும். நாட்டுக்குள் நுழைய ஓர் அனுமதி. வேலை செய்ய ஓர் அனுமதி. அங்கே குடியிருக்க ஓர் அனுமதி. கம்பெனி முதலில் அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் வேலை அனுமதி கேட்கும். அது கிடைத்த பிறகு வேலைக்கான நுழைவு அனுமதி வரும். இதைத்தான் நாம் 'வேலை விசா' என்கிறோம். அது வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்த நாட்டுக்குள் போய்விட வேண்டும். 60 என்று இருப்பது வாசல் திறந்திருக்கும் நாள்கள். போய்ச் சேர்ந்த பிறகு குடியிருப்பு அனுமதி வாங்குவார்கள். தனியார் கம்பெனி வேலைக்கு அது இரண்டு வருடத்துக்கு. பிறகு புதுப்பிக்கலாம்.

சுற்றுலா விசாவில் 60 என்று இருந்தால் கதை வேறு. 60 நாள் தங்கலாம், சுற்றிப் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம். திரும்பி விட வேண்டும். அந்த விசாவில் ஒரு நாள் கூட வேலை செய்ய அனுமதி இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தாளின் மேல் பகுதியில் என்ன வகை விசா என்று எழுதியிருக்கும். வேலை விசாவில் 'எம்ப்ளாய்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். அதன் முதல் எழுத்து மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி இருக்கும். 'டூரிஸ்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்து, கம்பத்தின் மேல் குறுக்குக் கட்டை வைத்த மாதிரி. 'விசிட்' என்ற சொல்லின் முதல் எழுத்து, எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி. ஆனால் 'விசா' என்ற சொல்லுக்கும் அதே புனல்தான் முதல் எழுத்து. அதனால் ஒரு எழுத்தோடு நிற்காமல் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை முழுச் சொல்லையும் படிக்கச் சொல்லுங்கள்.

அக்காவிடம் இருந்த தாளில் கம்பமும் கட்டையும்தான் இருந்தது. டூரிஸ்ட்.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தேன். வேலை விசாவில் வேலைக்கு எடுக்கும் கம்பெனியின் பெயர் இருக்கும். என்ன வேலை என்றும் இருக்கும். இதில் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிராவல்ஸ் பெயர் இருந்தது. அக்கா எதுவும் பேசவில்லை. தாளை மறுபடி நான்காக மடித்துக்கொண்டார்.

"அங்கே போய் மாத்திக்கலாம்"

மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரரே பையனோடு வந்தார். "விசிட்டில் போய் அங்கே வேலை விசாவா மாத்திக்கலாம் தம்பி. எத்தனை பேர் போயிருக்காங்க தெரியுமா?" என்றார்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நம் மக்கள் நம்புகிறார்கள். அங்கே போன பிறகு ஒரு கம்பெனி முறைப்படி வேலை அனுமதி வாங்கிக் கொடுத்தால் விசாவை மாற்ற முடியும். அப்படி மாற்றி நல்லபடியாக இருப்பவர்கள் எங்கள் சாலிலேயே உண்டு. ஆனால் கம்பெனி வாங்கிக் கொடுக்காவிட்டால்? அந்த 'காவிட்டால்' பற்றி ஊர்க்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசா நாள் முடிந்த பிறகும் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். 100 நாள் ஆனால் 5,000 திர்ஹம். ஒரு திர்ஹம் நம் பணத்தில் 20 ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதைக் கட்டாமல் ஊருக்குத் திரும்புவது பெரும் பாடு. இப்படித் தாள் இல்லாமல் வேலை செய்பவர்களை அங்கே 'கல்லிவல்லி' என்பார்கள். கல்லிவல்லி ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினால், அவர் புகார் கொடுக்கவே பயப்படுவார். புகார் கொடுக்கப் போனால் முதலில் தன் விசாவைக் கேட்பார்களே என்ற பயம். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும்.

அரசாங்கம் சில வருடங்களில் பொது மன்னிப்புக் கொடுத்திருக்கிறது. 2007-இல், 2018-இல் கொடுத்தது. கடைசியாக 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கொடுத்தது. அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம், அல்லது வேலை கிடைத்தால் முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. அடுத்த மன்னிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பிப் போகக் கூடாது. அதே 2024-இல் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம்.

ஊர்க்காரர் போகும்போது பையனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். "ஏர்போர்ட்டில் ஆபீசர் கேட்டால் மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு." பையனுக்குத் துபாயில் மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. ஏன் இப்படிப் பொய் சொல்லச் சொல்கிறார்கள்? அதற்குக் காரணம் பையனின் பாஸ்போர்ட்டில் இருந்தது.

பாஸ்போர்ட்டில் ஒரு பூட்டு

பையன் ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். வேலைக்காக வெளிநாடு போகும் முன் அரசாங்கம் சரிபார்த்து அனுமதி தர வேண்டும் என்பது அதன் பொருள். 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வந்தது இது. இப்போது 18 நாடுகளுக்கு இந்த விதி உண்டு. சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் என்ற ஆறு வளைகுடா நாடுகளும் அதில் அடக்கம். மலேசியாவும் உண்டு.

பலர் இதை அவமானமாக நினைக்கிறார்கள். 'படிக்காதவன்' என்று முத்திரை குத்திய மாதிரி. பணம் கொடுத்து, பொய்ச் சான்றிதழ் காட்டி இதை நீக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது நம் வீட்டுக் கதவில் போட்ட பூட்டு. இந்த அனுமதி கொடுக்கும் முன் அதிகாரிகள் மூன்றைப் பார்ப்பார்கள். வேலைக்கு எடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு, ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா. 2014 முதல் இது கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. அரசாங்கம் வாங்கும் கட்டணம் 200 ரூபாய்.

இதோடு ஒரு காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக உறுப்பு முடங்கினாலோ பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அங்கேதான் ஓட்டை. பூட்டைத் திறக்க முடியாத ஏஜெண்டு, பக்கத்து ஜன்னல் வழியாக ஆளை அனுப்புகிறான். 'மாமா வீடு' என்ற பொய் அதற்குத்தான். அப்படிப் போன ஆள் வேலைக்குப் போனதாக அரசாங்கத்தின் கணக்கிலேயே இருக்க மாட்டார். அந்தக் காப்பீடும் இருக்காது.

பெண்களுக்கு இன்னொரு விதி உண்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது ஆகாமல் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. எங்கள் மையத்தில் 26 வயது தங்கை ஒருவர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். "26 வயசுல இங்கே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம், அங்கே தேய்க்கக் கூடாதா?" என்றார். வீட்டு வேலைக்குப் போய் அடைபட்ட பெண்கள் பலர். அதனால் போட்ட விதி. ஆனாலும் கதவை மொத்தமாக மூடினால், அவசரத்தில் இருப்பவர்கள் அதே ஜன்னலைத்தான் தேடுவார்கள். எனக்கு இந்த விதி முழுக்கச் சரி என்று படவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியல் 'ஈ-மைக்ரேட்' என்ற அரசாங்க இணையதளத்தில் இருக்கிறது. ஏஜெண்டின் பெயரைப் போனில் தேடிப் பார்த்தேன். இல்லை. 1800 11 3090 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தும் கேட்கலாம். ஆனால் அக்கா போனை நம்பவில்லை. "ஆபீசில் போய்க் கேக்கணும்" என்றார்.

ஆபீஸ் தூரத்தில் இல்லை. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் 'விதேஷ் பவன்' என்ற கட்டடம் உள்ளது. 2017-இல் திறந்தார்கள். பாஸ்போர்ட் ஆபீசும் குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீசும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று கட்டியது. தாராவிக்காரர்களுக்கு மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம். சுனாபட்டியிலிருந்து அங்கே போக 2019-இல் மேம்பாலமே வந்துவிட்டது. ஆனால் அது கார் வைத்திருப்பவர்களுக்கு. நாங்கள் ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய், குர்லாவில் இறங்கி பஸ் பிடித்தோம்.

அங்கேயும் அதே பதில். அந்த ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு கூட தன் சேவைக்கு 30,000 ரூபாயும் அதற்கு வரியும்தான் வாங்கலாம். வரி சேர்த்து 35,400 ரூபாய். அதற்கும் ரசீது தர வேண்டும். 'நம்ம ஊர்க்காரர்' போன்ற இடைத்தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அமீரகச் சட்டமோ இன்னும் ஒரு படி மேல். ஆளைக் கொண்டுவரும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்கிறது.

சங்கிலி கழுத்திலேயே இருந்தது. முன்பணம் 15,000 ரூபாயில் 5,000 திரும்பி வந்தது. பிறகு ஊர்க்காரரின் போன் நம்பர் மாறிவிட்டது. கையில் ரசீது இல்லை.

தமிழில் வந்த தாள்

எட்டு மாதம் கழித்து, லைசென்ஸ் உள்ள ஓர் ஏஜெண்டு வழியாகப் பையனுக்கு வேலை வந்தது. கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் உதவியாள் வேலை. முதலில் வந்தது விசா அல்ல. வேலை வாய்ப்புக் கடிதம்.

இந்தக் கடிதம் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி முதல் அமீரகத்தில் ஒரு விதி உண்டு. அரபியும் ஆங்கிலமும் மட்டும் போதாது. தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கடிதம் இருக்க வேண்டும். அதற்கு அமைச்சகம் வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கே படித்துக் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் உள்ளபடிதான் அங்கே ஒப்பந்தம் இருக்க வேண்டும். சம்பளத்தைக் குறைத்து வேறு தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது. முன்பெல்லாம் அதுதான் நடந்தது. இங்கே ஒரு சம்பளம், அங்கே இறங்கியதும் ஒரு சம்பளம்.

ஏஜெண்டு ஆங்கிலத் தாளை மட்டும் நீட்டினார். அக்கா, "தமிழ்த் தாளும் உண்டாமே?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் வந்தது.

அக்கா விரல் வைத்து வாசித்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஓர் இடத்தில் நின்றார்.

"அ-டிப்-ப-டைச் சம்-ப-ளம் 900. ஆயிரத்து ஐந்நூறுன்னுல்லா சொன்னீங்க?"

அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம், படிகள் 600 திர்ஹம், மொத்தம் 1,500 என்று ஏஜெண்டு விளக்கினார். பொய் இல்லை. ஆனால் இந்தப் பிரிவு ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டு வரும்போது அங்கே பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம். குறைந்தது ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். 900 திர்ஹம் என்றால் ஒரு நாளுக்கு 30. இருபத்தொரு நாளுக்கு 630. இரண்டு வருடத்துக்கு 1,260 திர்ஹம். மொத்தச் சம்பளமும் அடிப்படையாக இருந்திருந்தால் 2,100 கிடைக்கும். அக்கா இந்தக் கணக்கை நோட்டில் தானே போட்டுப் பார்த்தார். கம்பெனி சம்பளப் பிரிவை மாற்றவில்லை. தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டான் பையன்.

போன பிறகு நடப்பதையும் அவனுக்குச் சொல்லி அனுப்பினோம். அங்கே மருத்துவச் சோதனை உண்டு. இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். எச்.ஐ.வி. இருந்தால் குடியிருப்பு அனுமதி கிடையாது. காசநோயையும் பார்ப்பார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே சயான் ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டான். பிறகு கைரேகை எடுப்பார்கள். 'எமிரேட்ஸ் ஐடி' என்ற அட்டை வரும். பழைய ஆட்கள் அட்டையைப் 'பத்தாக்கா' என்பார்கள். சவுதியில் 'இக்காமா'. முன்பு பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவார்கள். அமீரகத்தில் 2022 முதல் அது இல்லை. அந்த அட்டைதான் குடியிருப்பு அனுமதிக்குச் சாட்சி. வெளியே போகும்போதெல்லாம் கையில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 'பத்திரமா இருக்கட்டும்' என்று கேட்பார்கள். கொடுக்கத் தேவையில்லை. எந்தக் கம்பெனி பெயரில் அனுமதியோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். லீவு நாளில் கூடுதல் காசுக்கு வேறு இடத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் ஓடிவிடக் கூடாது. வேலையை விட வேண்டும் என்றால் நோட்டீஸ் கொடுத்து விடலாம். ஊருக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால் குடியிருப்பு அனுமதி போய்விடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து தங்கி, இதில் தவறியவர்கள் அதிகம்.

சம்பளம் வங்கி வழியாக அல்லது பணமாற்று நிலையம் வழியாகத்தான் வர வேண்டும். அப்போதுதான் வராத மாதத்துக்குச் சாட்சி இருக்கும். வராவிட்டால் அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி எண் 800 46342. காசில்லாமல் பேசலாம். பையன் அதைப் போனில் மட்டும் வைக்கவில்லை. போன் தொலைந்தால் என்ன செய்வது? பெட்டியின் மூடிக்கு உள்ளே பேனாவால் எழுதி வைத்தான்.

கடிதத்தை மூன்று நகல் எடுத்தோம். ஒன்று பையனின் பெட்டியில். ஒன்று அக்காவின் அரிசி டப்பாவில். ஒன்றை அக்கா மையத்துக்குக் கொண்டு வந்தார். "எல்லாரும் வாசிக்கட்டும்" என்றார். பையன் பெயரை மறைத்துவிட்டு அன்றைக்கு அதையே பாடமாக வைத்தோம். 'அடிப்படைச் சம்பளம்' என்று எல்லோரும் பத்து தடவை எழுதினார்கள். சிலர் 'ப்ப' வர வேண்டிய இடத்தில் ஒரு 'ப'தான் போட்டிருந்தார்கள். அக்கா எழுந்து போய் ஒவ்வொருவர் நோட்டிலும் திருத்தினார்.